கல்லூரியில் கலக்கும் கார்டு என்பிஏ-வில் தேறுவாரா? நாலு வகை ஆட்டக்காரர்களும் அவரவர் விலையும்

ஜூன் கடைசியில் என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் நாள், நெருங்கும்போது வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கூடைக்கடியில் ஆடும் நெட்டையர்களான சென்டர்களைப் பற்றி அவ்வளவு குழப்பம் இல்லை. ஏழடி என்றால் எங்கே போனாலும் ஏழடிதான். தகராறெல்லாம் வெளியிலிருந்து ஆடும், பந்தைக் கையாளும் கார்டுகளைப் பற்றித்தான். ஆட்டத்துக்கு 27 பாயிண்ட் எடுப்பவரை எடுப்பதா, 14 பாயிண்ட் எடுக்கும் நெட்டையரை எடுப்பதா? 19 வயதில் இன்னும் தேறாதவரா, 22 வயதில் எல்லாம் கற்று முடித்தவரா?

இதற்கு 2018 டிராஃப்ட்டை விட நல்ல பாடம் கிடைக்காது. நமக்கு விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கிய அந்த ஒரே டிராஃப்ட்டில் நாலு வகைக் கார்டுகளும் இருந்தார்கள்: ட்ரே யங், காலின் செக்ஸ்டன், ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர், ஜேலன் ப்ரன்சன். நாலு பேரும் என்பிஏ-வில் நிலைத்தவர்கள். ஆனால் கல்லூரியில் எடுத்த பாயிண்ட்டுக்கும் பின்னால் அடைந்த உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், நால்வரிலும் குறைவாகப் பாயிண்ட் எடுத்தவர்தான் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

என் கட்சி இதுதான்: பாயிண்ட் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அது எந்த வழியாக வந்தது, அந்த வழி என்பிஏ-வில் திறந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிறகும் பாதி பதில்தான் ஆட்டக்காரரிடம் இருக்கும். மீதி, அவரை எடுக்கும் அணியிடம்.

## முதலில், ஆடுகளமே வேறு

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. கல்லூரியில் ஒரு தாக்குதலுக்கு 30 விநாடி, இங்கே 24. கல்லூரி சீசனில் முப்பது, முப்பத்தைந்து ஆட்டம், இங்கே 82. இதெல்லாம் தெரிந்த கதை. கார்டின் தலையெழுத்தை மாற்றுபவை வேறு இரண்டு.

ஒன்று, மூன்று பாயிண்ட் கோடு. 2018-இல் கல்லூரிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. என்பிஏ கோடு கூடைக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம். சரியாக மூன்று அடி கூடுதல். 2019-20 சீசனில் கல்லூரிக் கோட்டை 22 அடி 1.75 அங்குலத்துக்குத் தள்ளினார்கள். அது 6.75 மீட்டர், நம் ஊர் மைதானங்களில் போட்டிருக்கும் அதே சர்வதேசக் கோடு. எனவே பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரி ஆட்டக்காரரின் சதவீதத்தையும் இன்றைய பையனின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, பெயிண்ட், அதாவது கூடைக்கு முன்னால் உள்ள வண்ணக் கட்டம். கல்லூரியில் அதன் அகலம் 12 அடி, என்பிஏ-வில் 16. அதைவிட முக்கியமான ஒரு விதி உண்டு. யாரையும் மார்க் செய்யாமல் ஒரு தடுப்பாட்டக்காரர் பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க என்பிஏ-வில் அனுமதி இல்லை. 2001-02 சீசனில் வந்த விதி இது. கல்லூரியில் இப்படி ஒரு விதி கிடையாது. நம் ஊரில் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூட்டமைப்பு) ஆட்டத்திலும் கிடையாது. ஆகவே கல்லூரியில் கார்டு டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) உள்ளே நுழைந்தால், எதிரணி சென்டர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மாதிரி கூடைக்கடியிலேயே காத்துக்கொண்டிருப்பார். என்பிஏ-வில் அந்தத் திண்ணை காலி. ஆனால் பக்கத்திலிருந்து ஓடிவந்து மூடுகிறவர் இன்னும் உயரம், இன்னும் வேகம்.

இதனால் வினோதமான ஒன்று நடக்கிறது. வெளியிலிருந்து ஷூட் செய்கிறவருக்கு என்பிஏ கடினமாகிறது. உள்ளே நுழையத் தெரிந்தவருக்குச் சில விதங்களில் எளிதாகிறது. கல்லூரிப் புள்ளிவிவரத்தில் இது தெரியாது. அங்கே ஷூட்டர் பெரிய ஆளாகத் தெரிவார், நுழைகிறவர் திணறுவதுபோலத் தெரிவார்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறி. ஷூட்டிங்கைப் பற்றி ஒரே ஓர் எண்தான் தருவேன் என்று யாராவது சொன்னால், மூன்று பாயிண்ட் சதவீதத்தை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன். காரணம் எளிது. ஒரு கல்லூரி சீசனில் ஒரு கார்டு எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்கள் நூறோ நூற்றைம்பதோதான். ஷே கென்டக்கியில் எறிந்தவை 57, விழுந்தவை 23, சதவீதம் 40. இதில் நாலு ஷாட் வளையத்தில் பட்டு வெளியே குதித்திருந்தால் 33. நாலு ஷாட்டில் ஒருவரின் பெயரே மாறிவிடுகிறது! ஃப்ரீ த்ரோவில் தடுப்பவர் இல்லை, அவசரம் இல்லை, தூரம் மாறுவதில்லை. கை எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

டைரீஸ் மேக்ஸியைப் பாருங்கள். கென்டக்கியில் மூன்று பாயிண்ட் 29 சதவீதம். ஷூட் செய்ய வராது என்றார்கள். ஃப்ரீ த்ரோ 83. 2020-இல் 21-ஆம் இடம் வரை சரிந்தவரை பிலடெல்பியா எடுத்தது. 2022-23-இல் மூன்று பாயிண்ட்டில் 43 சதவீதம். மறுபக்கம் லோன்ஸோ பால்: யூசிஎல்ஏ-வில் மூன்று பாயிண்ட் 41, ஃப்ரீ த்ரோ 67. என்பிஏ முதல் சீசனில் மூன்று பாயிண்ட் 30.5-க்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோவோ 45-க்கு. பிறகு அவர் ஷாட்டையே மாற்றிக்கொண்டு நல்ல ஷூட்டர் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ரீ த்ரோ ஆயுள் தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் ஷாட்டை அடியோடு மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பேலரின் டேவியன் மிட்செலும் இதே கதைதான். 2021-இல் கல்லூரிக் கோப்பை வென்ற வருடம் மூன்று பாயிண்ட் 45, ஃப்ரீ த்ரோ 64. என்பிஏ முதல் சீசனில் மூன்று பாயிண்ட் சுமார் 32.

உடம்பு. உயரத்தைவிடக் கை நீளம் முக்கியம். தடுப்பவர் மீது ஷூட் செய்யவும், பெரிய ஆள் மாறி வந்து நின்றால் சமாளிக்கவும் கைதான் வேண்டும். கோடை முழுக்க உழைத்தாலும் இது மட்டும் வளராது.

முடிவெடுப்பு. அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பந்து எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் அசிஸ்ட் தானாக வரும். ஸ்கிரீனைத் (தடுப்பவரை மறித்து நிற்கும் சக ஆட்டக்காரரை) தாண்டியதும் இரண்டு பேர் அவர்மேல் பாயும் அந்த அரை விநாடியில் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள். எதிர் மூலையில் நிற்பவருக்கு ஒரே கையால் டிரிபிளிலிருந்தே பாஸ் போகிறதா, அல்லது பந்தை இரண்டு கையாலும் பிடித்து நின்று, பிறகு தேடுகிறாரா? இரண்டாவது வகை பாஸ் என்பிஏ-வில் பாதி வழியிலேயே களவு போகும்.

பந்து கையில் இல்லாதபோது. இதைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நான் ஃப்ரீ த்ரோவுக்கு அடுத்து இதைத்தான் வைப்பேன்.

ஜிம்மர் ஃப்ரெடெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2010-11-இல் பிஒய்யூ கல்லூரிக்கு ஆட்டத்துக்கு 28.9 பாயிண்ட், நாட்டிலேயே முதலிடம், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். 2011-இல் 10-ஆம் இடத்தில் சாக்ரமெண்டோவுக்குப் போனார். என்பிஏ வாழ்க்கை முழுவதற்குமான சராசரி 6 பாயிண்ட். "ஷாட் என்பிஏ-வில் எடுபடவில்லை" என்று இன்றும் சொல்கிறார்கள். அது தப்பு. அவருடைய என்பிஏ மூன்று பாயிண்ட் சதவீதம் 37, நல்ல எண்தான். எடுபடாமல் போனது பந்தை வைத்துக்கொள்ளும் உரிமை. கல்லூரியில் இருபது விநாடி டிரிபிள் செய்து, தனக்கு வேண்டிய ஷாட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் அந்த உரிமையை என்பிஏ-வில் மிகச் சிலருக்குத்தான் தருவார்கள். அது கிடைக்காதபோது, தடுப்பாட்டத்திலும் பந்தில்லாத ஓட்டத்திலும் அணிக்குக் கொடுக்க அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை.

அதே டிராஃப்ட்டில் அடுத்த இடம், 11, க்ளே தாம்ஸன். இவர் 2016 டிசம்பரில் இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 பாயிண்ட் எடுத்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறைதான். பந்து கைக்கு வரும் முன்பே வேலையை முடித்துவிடுகிறவர். இன்னும் கொடுமை, சாக்ரமெண்டோ அதே இரவில் கடைசி 60-ஆம் இடத்தில் எடுத்த ஐந்தடி ஒன்பது அங்குல ஐசையா தாமஸ் முதல் சீசனிலேயே ஃப்ரெடெட்டை முந்திக்கொண்டு தொடக்க ஐவரில் இடம்பிடித்தார். 2016-17-இல் பாஸ்டனில் அவர் எடுத்த சராசரி, சொல்லிவைத்தாற்போல, 28.9.

ஸ்டெஃபன் கரியைச் சின்னக் கல்லூரி என்று ஒதுக்கியவர்களும் இந்த அளவுகோலைத்தான் தவறவிட்டார்கள். டேவிட்ஸனில் இரண்டாம் வருடம் அவர் பந்தைக் கொண்டுவரவே இல்லை. அந்த வேலை ஜேஸன் ரிச்சர்ட்ஸுடையது, அவர்தான் நாட்டில் அசிஸ்ட்டில் முதலிடம். கரி ஸ்கிரீன்களைச் சுற்றி ஓடிக்கொண்டே 2008 கல்லூரிக் கோப்பைப் போட்டியில் கொன்ஸாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்ஸினுக்கு எதிராக 33 எடுத்தார். மூன்றாம் வருடம் பாயிண்ட் கார்டாக ஆடி 28.6. இரண்டு வேலையும் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2009-இல் மினசோட்டா 5, 6 ஆகிய இரண்டு இடங்களிலும் கார்டுகளையே எடுத்தது. இரண்டிலும் கரி இல்லை.

வயது. 22 வயது ஆள் 18 வயதுப் பையன்களோடு மோதி எடுத்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும். இதைப் பெரிதுபடுத்துகிறவர்களும் உண்டு. கீழே ப்ரன்சனிடம் வருவோம்.

ஓர் எச்சரிக்கை: ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை. சிரக்யூஸ் கல்லூரி பல வருடம் ஆடிய 2-3 ஸோன் தடுப்பில் (ஆளை விட்டு இடத்தைக் காப்பது) முன்வரிசையில் நின்ற நெட்டைக் கார்டுக்கு ஸ்டீல் குவிந்தது. தனியாள் மார்க்கிங் எப்படி என்று அதில் தெரியவே தெரியாது.

## நாலு பேரும் கல்லூரிக் கடைசி சீசனில்

| | யங் | செக்ஸ்டன் | ஷே | ப்ரன்சன் |
|---|---|---|---|---|
| கல்லூரி | ஓக்லஹோமா | அலபாமா | கென்டக்கி | வில்லனோவா |
| டிராஃப்ட் இடம் | 5 | 8 | 11 | 33 |
| டிராஃப்ட் அன்று வயது | 19 | 19 | 19 | 21 |
| பாயிண்ட் | 27.4 | 19.2 | 14.4 | 18.9 |
| அசிஸ்ட் | 8.7 | 3.6 | 5.1 | 4.6 |
| மூன்று பாயிண்ட் சதவீதம் | 36 | 34 | 40 | 41 |
| ஃப்ரீ த்ரோ சதவீதம் | 86 | 78 | 82 | 80 |

டிராஃப்ட் வரிசையையும் பாயிண்ட் வரிசையையும் ஒப்பிட்டால், ப்ரன்சனைத் தவிர மற்ற மூவரும் பாயிண்ட் வரிசைப்படியே போனது தெரியும். தேர்வுக்குழுக்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது.

## முதல் வகை: பந்தைக் கையில் வைத்தே ஆட்டத்தை நடத்துபவர் (ட்ரே யங்)

ஒரே சீசனில் பாயிண்ட்டிலும் அசிஸ்ட்டிலும் நாட்டில் முதலிடம் பிடித்த முதல் கல்லூரி ஆட்டக்காரர். டிராஃப்ட் இரவில் டாலஸும் அட்லாண்டாவும் செய்துகொண்ட பரிமாற்றத்தில் லூகா டான்சிச் டாலஸுக்குப் போக, யங்கும் அடுத்த வருடத்து முதல் சுற்றுத் தேர்வு (அந்தச் சுற்றில் ஆளெடுக்கும் உரிமை) ஒன்றும் அட்லாண்டாவுக்கு வந்தன.

அவர் திறமை எப்படி இடம்பெயர்ந்தது என்பது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. அசிஸ்ட் அப்படியே வந்தது: கல்லூரியில் 8.7, என்பிஏ முதல் சீசனில் 8.1. மூன்று பாயிண்ட் 36-லிருந்து 32-க்கு விழுந்தது. கோடு மூன்று அடி பின்னால் போனதல்லவா. ஃப்ரீ த்ரோ 86 என்பதைப் பார்த்தவர்கள் பயப்படவில்லை. அடுத்த சீசனிலேயே மறுபடி 36. 2021-22-இல் லீகின் மொத்தப் பாயிண்ட், மொத்த அசிஸ்ட் இரண்டிலும் முதலிடம். 2021-இல் அட்லாண்டாவைக் கிழக்குப் பிரிவு இறுதிக்கே அழைத்துச் சென்றார். முப்பது அடியிலிருந்து எறிவார் என்ற பயத்தில் எதிரணி சென்டர் மேலே ஏறி வருவார். அந்தச் சென்டரின் முதுகுக்குப் பின்னால் லாப் பாஸ் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்) போகும். பெயிண்ட் அடைத்துக்கிடக்கும் கல்லூரியில் இந்த ஆட்டத்தின் பாதிதான் தெரிந்தது.

மறைமுகச் செலவு? நிறைய. ஆறடி ஓரங்குலமோ இரண்டங்குலமோ உள்ளவரை ப்ளே-ஆஃப்பில் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) எதிரணி விடவே விடாது. ஒவ்வொரு தாக்குதலிலும் ஸ்கிரீன் போட்டு அவரை வம்புக்கு இழுக்கும். அதை மூடிமறைக்க அணி முழுவதையும் அவரைச் சுற்றிக் கட்ட வேண்டும். அட்லாண்டா 2022-இல் தடுப்பாட்டத்தில் கெட்டியான டெஜான்டே மர்ரேக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. இரண்டு சீசனில் அந்த ஜோடி பிரிந்தது. இந்தச் செலவெல்லாம் டிராஃப்ட் அன்று யாரும் காட்டும் கணக்கில் இருக்காது.

இந்த வகையில் இன்னொரு ஆபத்து: உச்சத்தைத் தொடாவிட்டால் நடு நிலை என்று ஒன்று கிடையாது. முதன்மை ஆளாக இருக்கத் தகுதியில்லை என்றால் துணை ஆளாகவும் இருக்க முடியாது. ஃப்ரெடெட் விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

## இரண்டாம் வகை: வேகமும் வெறியும் (காலின் செக்ஸ்டன்)

2017 நவம்பரில் மினசோட்டா கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் அலபாமாவின் பெஞ்ச் முழுவதையும் நடுவர்கள் வெளியேற்றினார்கள். பிறகு காயம், ஃபவுல் என்று களத்தில் மிச்சம் மூன்று பேர். ஐந்து பேருக்கு எதிராக மூவராக ஆடி, கிட்டத்தட்ட ஜெயித்தேவிட்டார்கள். செக்ஸ்டன் எடுத்தது 40. அந்த ஒரே ஆட்டம் அவருக்கு எவ்வளவு டிராஃப்ட் இடம் ஏற்றிக் கொடுத்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

வேகம் அப்படியே என்பிஏ-வுக்கு வரும். கிளீவ்லாண்டில் முதல் சீசனிலேயே 16.7 பாயிண்ட், மூன்றாவது சீசனில் 24.3. ஆனால் கல்லூரியில் 3.6 ஆக இருந்த அசிஸ்ட்டும் கூடவே வரும், பெரிதாக வளராமல். ஆறடி ஓரங்குலத்தில், இன்னொருவருக்கு ஷாட் உண்டாக்கித் தராத கார்டை எந்த இடத்தில் ஆட வைப்பது? கிளீவ்லாண்ட் அடுத்த வருடமே அதே உயரத்தில் டேரியஸ் கார்லண்டை எடுக்க வேண்டியதாயிற்று. சின்ன ஆட்கள் இருவர் சேர்ந்து ஆடிய 2020-21-இல் 22 வெற்றி. அடுத்த சீசனில் செக்ஸ்டன் முழங்கால் காயத்தால் 11 ஆட்டத்தோடு நின்றார். அணி 44 வெற்றி பெற்றது. இவான் மோப்லி வந்ததும் அதற்குப் பெரிய காரணம், அதை மறைக்கவில்லை. பிறகு டானவன் மிட்செல் பரிமாற்றத்தில் யூட்டாவுக்கு அனுப்பப்பட்டார்.

மோசமான தேர்வு என்று சொல்லமாட்டேன். எட்டாம் இடத்துக்கு விலை அதிகம், அவ்வளவுதான். இருபதுக்குக் கீழே கிடைத்தால், பெஞ்சிலிருந்து இறங்கி ஆட்டத்தின் வேகத்தையே மாற்ற இவரைப் போன்றவர்தான் வேண்டும்.

## மூன்றாம் வகை: நீளம் இருக்கிறது, மீதி இனிமேல்தான் (ஷே)

கென்டக்கியில் சீசன் தொடக்கத்தில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். இந்தக் கல்லூரியைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: அங்கே எதிர்கால என்பிஏ ஆட்கள் நாலைந்து பேர் ஒரே பந்தைப் பங்குபோடுகிறார்கள். டெவின் புக்கர் அங்கே ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. சராசரி 10 பாயிண்ட். 2017 மார்ச்சில் அவர் என்பிஏ ஆட்டம் ஒன்றில் 70 எடுத்தார். மேக்ஸியும் அந்தப் பட்டறைதான். சிறிய எண் என்றால் சிறிய ஆள் என்று பொருளாகாது. பந்து எத்தனை பேருக்குப் பிரிந்தது என்று பார்க்க வேண்டும்.

ஷேவிடம் என்ன தெரிந்தது? ஆறடி ஆறங்குலம், விரித்தால் ஏழடியைத் தொடும் கைகள், ஃப்ரீ த்ரோ 82. எண்ணில் வராத இன்னொன்று, வேகத்தைக் குறைக்கும் திறமை. மற்றவர்கள் தடுப்பவரை ஓடித் தாண்டுவார்கள். இவர் தோளைச் சாய்த்து உள்ளே போகிறார், நடுவழியில் சட்டென்று தளர்கிறார். தடுப்பவர் உடல் எடை குதிகாலுக்குப் போகிறது. அந்தக் கணத்தில் மறுபடி ஓரடி. சென்டர் வருவதற்குள் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று, நீளமான கையால் ஷாட். கல்லூரியில் அடைத்துக்கிடந்த பெயிண்டிலேயே இதைச் செய்தவருக்கு என்பிஏ-வின் 16 அடி அகலம் வரப்பிரசாதம். பின்னால் பல சீசன்கள் லீகில் அதிகமாக டிரைவ் செய்தவர் (பந்தோடு கூடையை நோக்கி நுழைந்தவர்) இவர்தான். 2024-25-இல் 32.7 பாயிண்ட் சராசரி, லீகின் சிறந்த ஆட்டக்காரர், ஓக்லஹோமா சிட்டிக்கு 68 வெற்றியும் கோப்பையும், இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும்.

செலவு, காலம். கொடுமை என்னவென்றால் காலத்தைச் செலவழிப்பவருக்கே பலன் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. சார்லட் இவரை எடுத்து அன்றிரவே கிளிப்பர்ஸுக்கு மாற்றிவிட்டது. கிளிப்பர்ஸ் ஒரே சீசன் வைத்திருந்து, 2019-இல் பால் ஜார்ஜுக்காகக் கொடுத்துவிட்டது. அதன்பின் ஓக்லஹோமா சிட்டி 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு சீசன் தோற்றுக்கொண்டே காத்திருந்தது. டிக்கெட் விற்க வேண்டிய எல்லா முதலாளிகளுக்கும் அந்தப் பொறுமை வராது.

நீளம் மட்டும் போதாது என்பதற்கு மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் சாட்சி. அவரும் ஆறடி ஆறங்குலம், அவரும் 11-ஆம் இடம், 2013. முதல் சீசனில் சிறந்த புதுமுக விருதே வாங்கினார். கல்லூரி ஃப்ரீ த்ரோ 70-ஐத் தொடவில்லை. ஷாட் கடைசிவரை வரவில்லை. இந்த வகையில் ஃப்ரீ த்ரோதான் வடிகட்டி: 80-ஐ ஒட்டி இருந்தால் காத்திருக்கலாம், 70-க்குக் கீழே என்றால் நான் தள்ளி நிற்பேன்.

## நாலாம் வகை: எல்லாம் கற்று முடித்தவர் (ஜேலன் ப்ரன்சன்)

2016, 2018 என்று இரண்டு கல்லூரிக் கோப்பை, 2018-இன் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். எடுக்கப்பட்டதோ 33-ஆம் இடத்தில். காரணங்கள் தெரிந்தவைதான்: வயது, குள்ளம், தாவல் இல்லை, "இனி வளர இடமில்லை."

வளர இடமில்லை என்ற வாதம் எப்போது சரி, எப்போது தப்பு என்பதற்கு முந்தைய வருடத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 2017-இன் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் கேன்சஸின் ஃப்ராங்க் மேசன். நாலு வருடம் படித்தவர், 20.9 பாயிண்ட், மூன்று பாயிண்ட் 47 சதவீதம். 34-ஆம் இடத்தில் போனார். சாக்ரமெண்டோவில் இரண்டு சீசன், அதற்குமேல் நிலைக்கவில்லை. காகிதத்தில் இருவரும் ஒன்று. ஆடுகளத்தில் அப்படியில்லை. மேசன் ஐந்தடி பதினோரங்குலம், நம்பியது வேகத்தை. ப்ரன்சன் ஆறடிக்குச் சற்று மேலே, கனத்த உடம்பு, நம்பியது காலடியை. வில்லனோவாவில் கார்டுகளைக் கூடைக்கு முதுகு காட்டி நின்று ஆட வைப்பார்கள். அந்தப் பாணியின் தலைசிறந்த மாணவர் இவர். உள்ளே நுழைந்து இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பார். ஒரு பிவட் (ஒரு காலை ஊன்றிச் சுழல்வது), ஒரு பொய் ஷாட்; தடுப்பவர் எம்பியதும் அவர் தோளுக்கடியிலிருந்து இடது கையால் நிஜ ஷாட். தாவலே தேவைப்படாத ஆட்டத்துக்குத் தாவல் இல்லை என்பது எப்படிக் குறையாகும்?

ஆனாலும் முதல் சீசனில் 9.3 பாயிண்ட்தான். டாலஸில் டான்சிச் கையில் பந்து இருந்ததால் பந்தில்லாமல் ஆடவும் பழகினார். 2022 ப்ளே-ஆஃப்பில் டான்சிச் காயம்பட்டபோது யூட்டாவுக்கு எதிராக 41 எடுத்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அப்போது வந்தது மறைமுகச் செலவு. முதல் சுற்றில் எடுத்தவருக்கு நாலு வருட ஒப்பந்தம் முடிந்தால், வேறு அணி தரும் விலையை ஈடுகட்டித் தக்கவைக்கும் உரிமை பழைய அணிக்கு உண்டு. இரண்டாம் சுற்று ஒப்பந்தம் பேரம் பேசி எழுதுவது. ப்ரன்சனுக்கு டாலஸ் எழுதியது நாலு வருடத்துக்கு மொத்தம் சுமார் 60 லட்சம் டாலர். அது முடிந்ததும் அவர் சுதந்திரப் பறவை. நியூயார்க் நிக்ஸ் 10 கோடியே 40 லட்சம் டாலருக்கு அழைத்துக்கொண்டது. டாலஸுக்குக் கைம்மாறாக ஒன்றும் கிடைக்கவில்லை. மலிவாக வாங்கிய சரக்கு மலிவான கட்டோடு வந்தது. 2023-24-இல் நியூயார்க்கில் அவர் எடுத்த சராசரி 28.7.

## அப்படியானால் யாரை எடுப்பது?

கூடையைக் காக்க நல்ல சென்டரும் நீளமான விங் (பக்கவாட்டில் ஆடும்) ஆட்கள் இருவரும் ஏற்கனவே இருக்கிறார்கள், தாக்குதலை நடத்தத்தான் ஆள் இல்லை என்றால் முதல் வகை. இந்த மூவரும் இல்லாத அணி அவரை எடுத்தால், அடுத்த ஐந்து வருடத் தேர்வுகளையும் அவரை மறைக்கவே செலவழிக்கும்.

பந்தைக் கையாள நட்சத்திரம் ஒருவர் ஏற்கனவே இருக்கிறார், இந்த வருடமே ஜெயிக்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நாலாம் வகை. உடம்பிலும் காலடியிலும் மேசனா, ப்ரன்சனா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் முதல் சுற்றின் கடைசியிலேயே எடுத்துவிடுங்கள்.

எப்படியும் மூன்று வருடம் தோற்கப்போகும் அணிக்கு மூன்றாம் வகை. அணியே தெரியாது, ஆட்டக்காரர் மட்டும்தான் எதிரில் என்று என்னிடம் கேட்டாலும், ஃப்ரீ த்ரோ வடிகட்டியைத் தாண்டிவிட்டால் இவரைத்தான் சொல்வேன். ட்ரே யங் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் வகைக்குத் தனி அணி என்று ஒன்று இல்லை. விலை இறங்கும்போது வாங்க வேண்டியது.

## கணக்கு மாறிவருகிறது

2021-இலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம்; அதே வருடம் ஒரு சீசன் உட்காராமலே கல்லூரி மாறவும் வழி பிறந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. இரண்டாம் சுற்றில் போகக்கூடிய கார்டுக்கு இன்னொரு வருடம் கல்லூரியில் இருப்பதே லாபம். இனி வரும் டிராஃப்ட்களில் நாலாம் வகை ஆட்கள் கூடுவார்கள். 22, 23 வயதில் எடுத்த பெரிய எண்களும் கூடும். வயதுக் கழிவை முன்பைவிடக் கறாராகப் போட வேண்டியிருக்கும்.

அதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. வால்ட்டர் கிளேட்டன் இரண்டு வருடம் அயோனா என்ற சின்னக் கல்லூரியில் ஆடிவிட்டு ஃப்ளோரிடாவுக்கு மாறினார். எதிரணிகள் பெரிதாயின, பாயிண்ட் குறையவில்லை. 2025-இல் ஃப்ளோரிடா கோப்பை வென்றபோது இறுதிக்கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். டிராஃப்ட்டில் 18-ஆம் இடம், பரிமாற்றத்தில் யூட்டாவுக்கு. திறமை ஒரு தளத்திலிருந்து மேல் தளத்துக்கு ஏறும்போது என்ன ஆகிறது என்று என்பிஏ வரை போகாமலே ஒரு ஒத்திகை பார்க்க முடிந்தது. இப்படி இரண்டு கல்லூரி மாறிய கார்டைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள், அந்த இரண்டு சீசன்களின் எண்களையும் சேர்த்தே அனுப்புங்கள். ஃப்ரீ த்ரோ வரியை விட்டுவிட வேண்டாம்.